சமூக வலைத்தளச் சந்தையில் மலையகத்தின் இடம் எது?

ஒரு பொருளை உற்பத்தி செய்பவருக்கும் அதனை வாங்கிப் பயன்படுத்துபவருக்கும் இடையில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அப்பொருளின் இலாபம் யாரைச் சென்றடையும் என்பது தீர்மானிக்கப்படுகின்றது. மத்திய மலைநாட்டு மக்களுக்கு இதனை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவர் மலைச்சரிவில் நிற்கின்றார். அதனைத் தேநீராகப் பருகுபவர் கடல் கடந்த நாடொன்றில் இருக்கின்றார். ஒருவரது பெயர் மற்றவருக்குத் தெரியாது. மரக்கறி பயிரிடும் சிறு விவசாயியின் நிலையும் இதற்கு அதிகம் வேறானதல்ல. அவரது கரட்டும் லீக்ஸும் கொழும்பில் என்ன விலைக்கு விற்கப்படுகின்றன என்பதைப் பல வேளைகளில் அவர் பத்திரிகையில் பார்த்தே அறிந்து கொள்கின்றார்.

இந்த இடைவெளியைச் சமூக வலைத்தளங்கள் குறைத்துவிடும் என்றொரு நம்பிக்கை அண்மைக் காலமாக எமது இளைஞர்கள் மத்தியில் வளர்ந்து வருகின்றது. பேஸ்புக் பக்கமொன்றைத் திறந்தால் கடை திறந்ததற்குச் சமம் என்றும், டிக்டொக்கில் ஒரு காணொளி பரவினால் வியாபாரம் தானாகப் பெருகும் என்றும் கூறப்படுகின்றது. இந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆபத்தும் உண்டு. இரண்டையும் ராகலை போன்றதொரு மலையக நகரத்தை முன்னிறுத்திச் சிந்திப்பது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை ஊடாகச் செல்லும் வீதியில் அமைந்துள்ள ராகலை, தேயிலைத் தோட்டங்களாலும் மரக்கறித் தோட்டங்களாலும் சூழப்பட்ட ஒரு சிறு நகரம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே கடை வைத்திருக்கும் நகரம். சம்பள நாட்களில் சனம் நிறைந்தும் ஏனைய நாட்களில் அமைதியாகவும் காணப்படும் மலையகக் கடைவீதிகளின் இயல்பு இங்கும் உண்டு. இப்பகுதித் தேயிலை, இலங்கைத் தேயிலையின் அங்கீகரிக்கப்பட்ட 7 பிராந்தியங்களுள் ஒன்றான உடப்புசல்லாவைப் பிராந்தியத்தைச் சேர்ந்தது. நுவரெலியா, ஊவா, திம்புள்ளை ஆகிய பெயர்கள் உலகில் அறியப்பட்ட அளவுக்கு உடப்புசல்லாவை என்னும் பெயர் அறியப்படவில்லை. தரத்தில் குறைவிருப்பதனால் அல்ல, பெயர் சொல்லப்படாததே இதற்குக் காரணம்.

ராகலைக்கு ஒரு காலத்தில் ரயில் பாதையும் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக அமைக்கப்பட்ட அந்தக் குறுகிய பாதை 1904 ஆம் ஆண்டில் ராகலையை வந்தடைந்தது. தோட்டங்களின் தேயிலையைப் பிரதான ரயில் பாதைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் முதன்மையான நோக்கம். வீதிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது 1940களில் அது மூடப்பட்டது. அதனைத் திறந்தபோதும் மூடியபோதும் தோட்டத்து மக்களிடமோ கடைவீதி வர்த்தகரிடமோ எவரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். பாதை பிறருடையதாக இருக்கும்போது அதனைப் பயன்படுத்துபவரின் நிலை இவ்வாறே அமையும். இன்றைய வலைத்தளப் பாதைக்கும் இது பொருந்தும் என்பதனை மனதில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சந்தைப்படுத்தல் என்பது வெறும் விளம்பரம் அன்று. பொருளுக்கு ஒரு பெயரைத் தேடிக்கொடுத்து, அந்தப் பெயர் மீது வாங்குபவருக்கு நம்பிக்கையை ஏற்படுத்துவதே சந்தைப்படுத்தலின் சாரம். இலங்கைத் தேயிலையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக ஆரம்பித்தார். 1883 இல் கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கியது. அன்று முதல் தேயிலையின் பெரும்பகுதி தரகர்கள் வழியாக ஏலத்தில் விற்கப்பட்டு, பல தோட்டங்களின் தேயிலை ஒன்றாகக் கலக்கப்பட்டு, வேறொருவரின் பெயரில் கடைகளுக்குச் செல்கின்றது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் இங்கு தோட்டங்களை வாங்கியதோடு நின்றுவிடவில்லை. தோட்டத்திலிருந்து நேரடியாகத் தேநீர்க் கோப்பைக்கு என்ற கருத்தினைத் தமது விற்பனையின் மையமாக்கினார். மலை இங்கிருந்தது, உழைப்பு இங்கிருந்தது, பெயர் மட்டும் அவருடையதாயிற்று.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே அந்தப் பெயருக்கு இந்நாட்டவர் ஒருவர் சவால் விடுத்தார். மெரில் ஜே. பெர்னாண்டோ 1985 இல் தமது டில்மா தேயிலையை அவுஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னர் தொலைக்காட்சி விளம்பரங்களில் தாமே தோன்றித் தமது பொருளைப் பற்றித் தாமே பேசினார். உற்பத்தியாளரின் முகமும் குரலும் வாங்குபவருக்கு நேரடியாகக் கிடைத்தமையே அந்த விளம்பரங்களின் பலம். 2023 இல் அவர் காலமாகும்போது டில்மா உலகின் பல நாடுகளில் அறியப்பட்ட பெயராகியிருந்தது. ஆனால் வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றுவதற்கு மூலதனம் வேண்டும். ராகலையின் கடைக்காரருக்கோ, வீட்டிலிருந்தே தையல் செய்யும் பெண்ணுக்கோ அந்த வாய்ப்பு என்றுமே இருந்ததில்லை.

இந்த இடத்திலேயே சமூக வலைத்தளங்கள் ஒரு மாற்றத்தை ஏற்படுத்தின. 2004 இல் பேஸ்புக், 2005 இல் யூடியூப், 2009 இல் வட்ஸ்அப், 2010 இல் இன்ஸ்டகிராம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த இத்தளங்கள், தொலைக்காட்சி நிலையத்தையோ அச்சகத்தையோ நாடாமல் ஒருவர் தமது பொருளைப் பல்லாயிரம் பேருக்குக் காட்டும் வசதியைக் கையடக்கத் தொலைபேசிக்குள் கொண்டுவந்தன. சிறு வணிகர்களுக்கெனத் தனியான வட்ஸ்அப் செயலி 2018 ஜனவரியில் அறிமுகமானது. பொருட்களின் படங்களையும் விலைகளையும் ஒரு பட்டியலாக வைத்திருக்கவும், வாடிக்கையாளரின் வினாக்களுக்கு ஒழுங்காக மறுமொழி அளிக்கவும் அது உதவுகின்றது.

சாதாரண கிராமத்தவர் இதனால் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே உதாரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் 2018 இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சனல், 2021 இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. தமிழ் யூடியூப் அலைவரிசை ஒன்று அந்த எண்ணிக்கையை எட்டியது அதுவே முதற்தடவை. அவர்கள் நகரத்து மனிதர்களைப் போல நடிக்கவில்லை. வயல்வெளியில் சமைத்தார்கள், தமது பேச்சுத் தமிழிலேயே பேசினார்கள், சமைத்த உணவை முதியோருக்குப் பரிமாறினார்கள். தம்மிடம் இருந்ததையே காட்டினார்கள். எனினும் ஒருவரின் வெற்றியைக் காட்டி எல்லோருக்கும் அதுவே கிட்டும் எனக் கூறுவது நேர்மையாகாது. கோடியில் ஒருவருக்குக் கிடைக்கும் புகழ் சிறு வணிகனின் இலக்காக இருக்கவும் தேவையில்லை. நுவரெலியா மாவட்டத்திற்குள் இருநூறு நிலையான வாடிக்கையாளர்கள் கிடைத்தாலே அவனது குடும்பம் நிமிர்ந்துவிடும்.

மலையகமும் சமூக வலைத்தளங்களில் இல்லாமலில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் கட்டிமுடிக்கப்பட்டது. பல தசாப்தங்களாக ரயில் பயணிகளும் அயலவரும் மட்டுமே அறிந்திருந்த அப்பாலம், இன்ஸ்டகிராமில் பயணிகள் பகிர்ந்த படங்களினால் உலகறிந்த சுற்றுலாத் தலமாயிற்று. எல்ல நகரத்தில் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. தேயிலைத் தோட்டத்தின் பசுமையும், கூடை சுமந்த பெண்ணின் புன்னகையும் அன்றாடம் உலகெங்கும் பகிரப்படுகின்றன.

இங்கு கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு. படமாகத் தோன்றுபவர் யார், அந்தப் படத்தினால் விற்பவர் யார்? கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பொதிகளிலும் விடுதி விளம்பரங்களிலும் விமான நிறுவனப் பிரசுரங்களிலும் நீண்டகாலமாக இடம்பெற்று வருகின்றது. அவரது நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக உயர்த்துவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மலையக மக்களின் 200 ஆண்டுகால வரலாறு 2023 இல் நினைவுகூரப்பட்டது. இந்த வரலாற்றில் எமது மக்கள் பிறருடைய விளம்பரத்தின் பின்னணிக் காட்சியாகவே பெரும்பாலும் இருந்து வந்துள்ளனர். புதிய ஊடகத்திலும் அதே இடந்தான் எமக்குக் கிடைக்குமா, அல்லது எமது பொருளை எமது பெயரில் எமது குரலில் விற்கப் போகின்றோமா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வி.

இதற்கு விடை காண்பதற்கு முன்னர் எம்மிடம் விற்பதற்கு என்ன இருக்கின்றது என்பதனை உள்ளபடி நோக்க வேண்டும். பெருந்தோட்டத் தொழிலாளி பறிக்கும் கொழுந்து அவருடையதல்ல. 1992 முதல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்தில் உள்ளன. தேயிலையை ஏற்றுமதி செய்வதற்குத் தேயிலைச் சபையின் பதிவு அவசியம். ஆகவே பேஸ்புக் பக்கம் ஒன்றைத் திறந்த மாத்திரத்தில் தோட்டத்து இளைஞன் தேயிலை ஏற்றுமதியாளனாகிவிட முடியாது. ஆனால் மரக்கறி உண்டு, பூக்கள் உண்டு, தையல் உண்டு. திருமண விழாக்களுக்கான அலங்காரம், வீட்டில் தயாரிக்கும் கேக், பண்டிகைக்கால முறுக்கும் பலகாரமும், ரமழான் மாதத்துச் சிற்றுண்டிகள், புகைப்படப் பிடிப்பு, இணையவழிப் பிரத்தியேக வகுப்பு, பயணிகளுக்கான தங்குமிடம், வாகன வாடகை எனப் பட்டியல் நீளும். இவற்றில் எதற்கும் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் வேண்டியது வாங்குபவரின் நம்பிக்கை.

சமூக வலைத்தளம் என்பது வணிகத் திட்டத்தின் ஒரு பகுதியே அன்றி முழுத் திட்டமும் அன்று. இதனை வலியுறுத்திக் கூறக் காரணம், இன்று பலரும் பக்கத்தைத் திறந்துவிட்டு அதன் பின்னர் எதனை விற்கலாம் என யோசிக்கின்றனர். பொருள் தரமானதாக இருக்க வேண்டும். படம் அப்பொருளினுடையதாகவே இருக்க வேண்டும். கூகுளில் எடுத்த படத்தைப் போட்டுவிட்டு வேறொன்றை அனுப்பினால் அந்த வாடிக்கையாளர் மீண்டும் வரமாட்டார். அவர் வராததோடு நில்லாமல் பத்துப் பேருக்குச் சொல்லியும் விடுவார். விலையை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். விலை அறிய இன்பொக்ஸ் செய்யவும் என்று எழுதுவது எமது வணிகர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழைய பழக்கத்தின் புதிய வடிவமாகவே வாங்குபவர் அதனைக் காண்கின்றார்.

பொருளை அனுப்பும் வழியும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். பொருள் கைக்குக் கிடைத்த பின்னர் பணம் செலுத்தும் முறை வாங்குபவருக்கு வசதியானது. ஆனால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பப்படும் பொதிகளின் செலவு சிறு வணிகனின் தலையிலேயே விழும். கட்டளை பெற்றவுடன் தொலைபேசியில் ஒருமுறை பேசி உறுதிப்படுத்திக் கொள்வது இந்த நட்டத்தைப் பெருமளவு குறைக்கும். கொடுக்கல் வாங்கலைப் பதிவேட்டில் எழுதி வைப்பது, தாமதமானால் வாடிக்கையாளர் கேட்கும் முன்பே தெரிவிப்பது, பழுதானதை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுப்பது என்பன எந்தச் செயலியும் செய்து தராத காரியங்கள். கடைவீதியில் நற்பெயரெடுத்த பழைய முதலாளிமார் இவற்றைச் செய்தே பெயரெடுத்தார்கள்.

மொழியும் இங்கு முக்கியமானது. ராகலையின் வாடிக்கையாளர் தமிழர் மட்டுமல்லர். ஒரே அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடும் கடைக்கு இரண்டு சந்தைகள் திறக்கின்றன. மும்மொழியும் ஓரளவு அறிந்த இளைஞர்கள் எமது நகரங்களில் நிறையவே உள்ளனர். அது ஒரு மூலதனம் என்பதனை அவர்களே உணர்ந்திருக்கவில்லை.

இனி ஆபத்துக்களைப் பார்ப்போம். முதலாவது, இந்தச் சந்தையின் நிலம் எமக்குச் சொந்தமானதல்ல. பேஸ்புக் பக்கம் என்பது வாடகைக் கடை. வாடகையையும் விதிமுறைகளையும் உரிமையாளர் எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். 2018 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனம், நிறுவனப் பக்கங்களின் பதிவுகளை விட நண்பர்கள் மற்றும் குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை வழங்கப் போவதாக அறிவித்தது. அதுவரை பணம் செலவிடாமல் தமது பதிவுகளைப் பல்லாயிரம் பேருக்குக் கொண்டு சென்ற உலகெங்குமுள்ள வணிகர்கள், விளம்பரக் கட்டணம் செலுத்தாவிடின் தமது சொந்த வாடிக்கையாளரையே சென்றடைய முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டனர். கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் முறையிடுவதற்குக் கொழும்பில் கூட ஒரு கருமபீடம் கிடையாது. பல ஆண்டுகள் சேர்த்த வாடிக்கையாளரின் தொடர்பு ஒரே இரவில் இல்லாமற் போகும்.

ஆகவே வலைத்தளத்தில் வரும் வாடிக்கையாளரைத் தமது சொந்தப் பதிவேட்டுக்குக் கொண்டுவருவதே விவேகமான வழி. பெயர், தொலைபேசி இலக்கம், முன்னர் வாங்கிய பொருள் ஆகியவற்றை அவர்களது சம்மதத்துடன் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். அவ்விபரங்கள் பிறருக்கு விற்பதற்கானவை அல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறரது விபரங்களைக் கையாள்வதற்கு வரையறைகளை விதித்துள்ளது. கடையின் பெயர்ப்பலகை, கூகுள் வரைபடத்தில் சரியான இடக்குறிப்பு, இயலுமாயின் சிறியதொரு சொந்த இணையத்தளம் ஆகியனவும் இருத்தல் வேண்டும். ஒரு பாதை மூடப்பட்டால் மறு பாதையில் வாடிக்கையாளர் வந்துசேர்வார்.

இரண்டாவது ஆபத்து அரசாங்கங்களின் தீர்மானங்களால் ஏற்படுவது. 2018 மார்ச்சில் ஏறக்குறைய ஒரு வாரம் சமூக வலைத்தளங்கள் இந்நாட்டில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து மாத இறுதி வரையும், மே மாதத்தில் மீண்டும் சில நாட்களும் தடை விதிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களின்போது, பல மணிநேரம் அவை நிறுத்தப்பட்டன. தடை சரியா பிழையா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, வியாபாரம் முழுவதையும் ஒரு செயலியிலேயே வைத்திருந்தவர்களின் கடைகள் அந்நாட்களில் பூட்டப்பட்ட கடைகளாகவே இருந்தன என்பதனை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது ஆபத்து எல்லாவற்றிலும் பாரதூரமானது. பெயரை ஆக்குவதற்குப் பயன்படும் அதே கருவி பெயரை அழிப்பதற்கும் பயன்படுகின்றது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாகப் புரளி கிளப்பப்பட்டது. அச்சுறுத்தலின் மத்தியில் எடுக்கப்பட்ட காணொளி ஒன்று அதற்கு ஆதாரமாகப் பரப்பப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த உணவில் இருந்தது மாக்கட்டியே என அரசாங்க பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் கூறியது. ஆனால் உண்மை வெளிவருமுன் பொய் வெகுதூரம் சென்றிருந்தது. சில தினங்களில் திகன, தெல்தெனிய, அக்குறணை உள்ளிட்ட கண்டி மாவட்டப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவ்வன்முறையில் தமது தளம் வகித்த பங்கிற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு இரண்டு ஆண்டுகள் தாமதமாகவே வந்தது.

2019 மே மாதத்தில் சிலாபத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் பேஸ்புக்கில் இட்ட ஒரு சிறு கருத்து அச்சுறுத்தலாகப் பொருள் கொள்ளப்பட்டது. கடைகள் கல்லெறிக்கு உள்ளாகின. தொடர்ந்து வடமேல் மாகாணத்தின் பல இடங்களில் வன்முறை பரவியது. முஸ்லிம்களின் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு கோரும் பதிவுகளும் அக்காலத்தில் பரவலாகப் பகிரப்பட்டன. பல ஆண்டுகள் நாணயமாக வியாபாரம் செய்தவர்கள் தாம் செய்யாத குற்றத்துக்காகத் தமது வாடிக்கையாளரை இழந்தனர்.

இவ்விடயத்தில் தமிழ் வாசகருக்கும் முஸ்லிம் வாசகருக்கும் நாம் ஒரே சொல்லையே கூற விரும்புகின்றோம். அயல் கடைக்காரரின் இனத்தையோ மதத்தையோ காட்டி அவரது வாடிக்கையாளரைத் தன்பக்கம் இழுக்கும் பதிவு சந்தைப்படுத்தல் அல்ல. அது அயலவரின் கூரையில் வைக்கும் நெருப்பு. எங்கள் ஆட்களிடமே வாங்குங்கள் என்ற வாசகம் சில நாட்களுக்கு இலாபம் தரக்கூடும். அடுத்த முறை அதே வாசகம் எம்மை நோக்கித் திரும்பும்போது எமக்காகப் பேச எவரும் இருக்க மாட்டார்கள். பல்லினத்தவரும் சேர்ந்து வாழும் ராகலை போன்ற சிறு நகரத்தில் ஒருவரது கடை எரிந்தால் முழுக் கடைவீதியுமே வெறிச்சோடிப் போகும். ஆகவே வதந்தி ஒன்று பரவும்போது, நகரின் வர்த்தகர்கள் இன பேதமின்றி ஒன்றிணைந்து உண்மையை மும்மொழியிலும் உடனடியாக வெளியிடும் ஏற்பாடு ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்தல் வேண்டும். வர்த்தகர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தால் அதன் முதற்பணி இதுவாகவே இருக்கட்டும்.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுக்களுக்குத் தண்டனை விதிக்கின்றது. அச்சட்டம் கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்ற கடும் விமர்சனமும் உண்டு. எச்சட்டமும் எரியும் கடைக்கு முன்னால் அந்த நிமிடத்தில் வந்து நிற்பதில்லை. அயலவரே நிற்க வேண்டும்.

மோசடிகளைப் பற்றியும் குறிப்பிடாதிருக்க முடியாது. வீட்டிலிருந்தே மாதம் இலட்சக்கணக்கில் உழைக்கலாம், இருவரைச் சேர்த்தால் முதலீடு இரட்டிப்பாகும் என்ற விளம்பரங்கள் தோட்டத்து இளைஞர்களையும் குடும்பப் பெண்களையும் இலக்கு வைத்து வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகின்றன. இத்தகைய பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி இது குறித்துத் தொடர்ச்சியாக எச்சரித்து வந்துள்ளது. அடகு வைத்த நகையின் பணத்தை இதில் இழந்தவர்கள் வெட்கத்தினால் வெளியே சொல்வதில்லை. மோசடிக்காரரின் பலமே அந்த மௌனந்தான். இவர்களால் பாதிக்கப்படுவது ஏமாந்தவர் மட்டுமல்லர். இணையவழி வியாபாரம் என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் பரவி, நேர்மையான சிறு வணிகரின் கடையும் மூடப்படுகின்றது.

பெண்களின் நிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து தொழில் செய்ய விரும்பும் தோட்டப்புறப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் இந்தச் சந்தை பெரும் வாய்ப்பு. ஆயினும் தொலைபேசி இலக்கத்தைப் பகிரங்கப்படுத்தியதும் வேண்டாத அழைப்புக்கள் வருகின்றன, படங்கள் திருடப்படுகின்றன. தொழிலுக்கெனத் தனி இலக்கம், முகத்துக்குப் பதிலாகப் பொருளின் படம், பணக் கொடுக்கல் வாங்கலில் குடும்பத்தவர் ஒருவரின் துணை ஆகியன உதவும். ஆனால் பொறுப்பு முழுவதையும் பெண்ணின் மீதே சுமத்திவிட முடியாது. தொல்லை கொடுப்பவனைக் கண்டிக்கும் துணிவு அவனது வீட்டாருக்கும் ஊராருக்கும் வர வேண்டும். அதேபோன்று, கொழுந்து பறிக்கும் பெண்களின் படத்தை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோர், அது எமது இளைஞர்களே ஆயினும், அப்பெண்களின் சம்மதத்தைப் பெற வேண்டும். பிறர் எமக்குச் செய்ததையே நாம் எமது தாய்மாருக்குச் செய்தல் தகாது.

தனித்தனியாக எவ்வளவு முயன்றாலும் சிறியவர்களின் குரல் சிறியதாகவே இருக்கும். கூட்டுப் பெயர் ஒன்று தேவை. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இதற்கு நல்ல முன்னுதாரணம். கலப்பற்ற இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்ற நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் பொதிகளில் மட்டுமே அது இடம்பெறலாம். நீலகிரியில் சிறு தேயிலை உற்பத்தியாளரின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இன்கோசர்வ் என்ற இணையத்தின் கீழ் ஒன்றுசேர்ந்து ஊட்டி டீ என்ற பெயரில் தமது தேயிலையை விற்கின்றன. ராகலையைச் சூழவுள்ள மரக்கறி விவசாயிகளும் வீட்டு உற்பத்தியாளரும் சேர்ந்து, தரத்துக்கு உத்தரவாதம் அளிக்கும் ஒரு பொதுப்பெயரையும் ஒரு பொதுப் பக்கத்தையும் உருவாக்குவது இயலாத காரியமன்று. கூட்டுறவுச் சங்கங்களுக்குப் புத்துயிர் அளிக்கவும் அது வழியாகலாம்.

அரசாங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. தோட்டங்களின் பல பகுதிகளில் தொலைபேசிச் சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஏற வேண்டிய நிலை நீடிக்கும்வரை இணையவழி வணிகம் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சே. தொழிற்பயிற்சி நிலையங்களில் சந்தைப்படுத்தலையும் கணக்குப் பதிவையும் தமிழ்மொழியில் கற்பிக்க வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலமே கொவிட் பெருந்தொற்றின்போது 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாற்றப்பட்டது. தேவை ஏற்பட்டபோது 137 ஆண்டுகால முறையைக் குறுகிய காலத்தில் மாற்ற முடிந்ததென்றால், தோட்டப்புற இளைஞனுக்கு இணைய வசதியையும் பயிற்சியையும் வழங்குவதற்கு மட்டும் ஏன் தசாப்தங்கள் தேவைப்படுகின்றன என்ற கேள்வி எழுவது இயல்பே.

வணிகத்தில் நடுநிலை தவறாமையை வள்ளுவர் அறமாக வகுத்தார். அளவையில் மோசம் செய்வோரைத் திருக்குர்ஆன் தனியொரு அத்தியாயத்திலேயே கண்டிக்கின்றது. தராசும் படியும் இருந்த இடத்தில் இன்று திரையும் படமும் வந்துள்ளன. படத்தில் காட்டியதை விடக் குறைந்ததை அனுப்புவதும் அளவையில் குறைப்பதே. ஆகவே புதிய சந்தைக்குப் புதிய அறம் எதனையும் நாம் தேட வேண்டியதில்லை.

எமது கையில் இன்று ஒரு பாதை கிடைத்துள்ளது. அது எமக்குச் சொந்தமான பாதை அல்ல, நிரந்தரமானதும் அல்ல. நாளை வேறொன்று வரலாம். அப்போது எம்முடன் எடுத்துச் செல்லக் கூடியது நாணயமானவர் என்ற பெயரும், அந்தப் பெயரை நம்பும் வாடிக்கையாளரும் மட்டுமே. அந்தப் பெயரைத் தேடுவதற்குச் சமூக வலைத்தளங்களை எமது இளைஞர்கள் துணிந்து பயன்படுத்தட்டும். அயலவரின் பெயரையும் சேர்த்துக் காக்கும் பொறுப்புடன் பயன்படுத்தட்டும். மலையகத்தின் பொருள் மலையகத்தவரின் பெயரிலேயே விலைபோகும் நாள் அப்போதுதான் வரும்.